உங்கள் ஊராட்சியின் பல்லுயிர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002-இன் 41-ஆம் பிரிவுப்படி, ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்தாக வேண்டும். 2023-இல் வந்த திருத்தத்தின்படி குழுவில் குறைந்தது 7 பேர், அதிகபட்சம் 11 பேர். ஊரிலுள்ள பயிர், மரம், மூலிகை, மீன், பறவை, கால்நடை, அவற்றைப் பற்றி ஊராருக்குத் தெரிந்த மருந்து, பக்குவம் எல்லாவற்றையும் ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில்’ எழுதி வைப்பது இந்தக் குழுவின் முக்கிய வேலை.

2020 ஜனவரி 31-க்குள் பதிவேட்டை முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. கெடுவுக்காக நிரப்பியதைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். நெல், வேம்பு, காகம் என்று எந்த ஊருக்கும் பொருந்துகிற பட்டியல்தான் இருக்கும். ‘நெல்’ என்று மட்டும் எழுதினால் ஒரு பயனும் இல்லை. பூங்காரா, மாப்பிள்ளைச் சம்பாவா, எந்த வயலில், எத்தனை ஏக்கர், முன்பு எவ்வளவு விளைந்தது, விதை யாரிடம் கிடைக்கிறது என்பதெல்லாம் வேண்டும். ஏரி மீனும் அப்படித்தான். அயிரை, குரவை, உளுவை முன்பு இருந்தனவா என்று எழுதி வைத்திருந்தால்தான், ஆப்பிரிக்கக் கெளுத்தி புகுந்த பிறகு எது அழிந்தது என்று சொல்ல முடியும். கோடையில் ஒரே நாளில் கணக்கெடுத்தால் மழைக்கால மூலிகையும் வலசைப் பறவையும் விட்டுப்போகும்.

வைத்தியர்கள் கவனிக்க: மருந்தின் சேர்மானத்தையும் அளவையும் சொல்வதற்கு முன்பே, அதை ரகசியமாக வைக்கும்படி குழுவிடம் கேளுங்கள். நாட்டு வைத்தியம் செய்கிறவர்களும் உள்ளூர்க்காரர்களும் வழக்கம்போல மூலிகை பறிக்க இந்தச் சட்டம் தடை இல்லை. வணிகத்துக்காக அள்ளிப் போகிறவர்களிடம் குழு கட்டணம் வசூலிக்கலாம். அந்த வரவையும் குழு தனியாக எழுதி வைக்க வேண்டும்.

ஊரின் இயற்கையைக் காக்க இதே சட்டத்தின் 37-ஆம் பிரிவு இன்னொரு வழியும் தருகிறது. உள்ளாட்சியைக் கலந்து, ஓர் இடத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவிக்கலாம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 2022 நவம்பரில் 193.42 ஹெக்டேர் அப்படி அறிவிக்கப்பட்டது. லகர் வல்லூறும் எறும்புத்தின்னியும் தேவாங்கும் வாழும் குன்றுகள் அவை. அப்படியிருந்தும் 2024-இல் ஏலம் விட்ட டங்ஸ்டன் சுரங்கப் பகுதிக்குள் இந்த இடமும் வந்தது. சுற்றுவட்டார மக்கள் திரண்டு போராடிய பிறகே, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு மக்களின் கையில் வலுவான ஆதாரமாக இருந்தது. அறிவிப்பு இல்லாத ஊருக்குப் பதிவேடுதான் ஆதாரம், அதனால்தான் அதில் பிழை இருக்கக் கூடாது என்கிறோம்.

ஊராட்சி செயலரிடம் பதிவேட்டைக் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். விட்டுப்போனதை எழுதி, கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் நகலைத் தமிழ்நாடு பல்லுயிர் வாரியத்துக்கும் அனுப்புங்கள். தீர்மான எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.