பட்டைகள் எப்படித் தோ பாயோ ஆகின்றன

ஒரு மீட்டர் அகலமுள்ள கேன்வாஸ். அதில் படுக்கைவாட்டில் வெளிறிய பட்டை ஒன்று, கரும்பட்டை ஒன்று என மாறி மாறி மேலிருந்து கீழ்வரை இறங்குகின்றன. வலப்புற ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் செங்குத்தாக ஒரு கீற்று. கதவு, சன்னல், மரம், மனிதர் எதுவும் இல்லை. ஆனாலும் சிங்கப்பூரில் வளர்ந்தவர்கள் அதன் முன் நின்றால், பார்த்த மாத்திரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் என்று சொல்லிவிடுகிறார்கள். வயதில் மூத்தவர்கள் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "பழைய தோ பாயோ" என்று இடத்தையே சொல்கிறார்கள்.

எல்லாம் கற்பனைதான் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் கற்பனைக்கு வேலை வருவதற்கு வெகு முன்பே, கண்ணுக்குள்ளேயே காரியம் பாதி முடிந்துவிடுகிறது. அரூப நகர ஓவியம் நம்மிடம் எடுபடுவதற்குக் காரணம் அதுதான். ஓவியர் விட்டுவிடுபவற்றில் பெரும்பகுதி, நம் பார்வையே எப்போதும் விட்டுவிடுபவை.

ஒவ்வொரு கண்ணின் விழித்திரையிலும் சுமார் 12 கோடி கோல் செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் ஒளியை வாங்குகின்றன. அங்கிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இருப்பவையோ ஏறத்தாழ 10 லட்சம் இழைகள். வாங்கியதை எல்லாம் அப்படியே அனுப்ப வழியில்லை. எதை அனுப்புவது என்று விழித்திரையே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்பதை 1953இல் ஸ்டீபன் கஃப்ளர் பூனையின் கண்ணில் காட்டினார். பார்வை நரம்பைத் தொடங்கிவைக்கும் செல் ஒவ்வொன்றும், தன் பரப்பின் நடுவில் விழும் ஒளியையும் அதைச் சுற்றிய வளையத்தில் விழும் ஒளியையும் எதிரெதிரே நிறுத்தி எடைபோடுகிறது. இரண்டும் சமமென்றால் அதற்குச் சொல்ல அதிகமில்லை. வேறுபட்டால்தான் உரக்கச் சொல்கிறது. ஒரே சாயம் பூசிய புளோக் சுவரின் நடுப்பகுதி அந்தச் செல்லுக்குச் செய்தியே அல்ல. சுவர் முடிந்து வானம் தொடங்கும் விளிம்புதான் செய்தி.

விளிம்பு மூளைக்குப் போன பிறகு என்ன ஆகிறது? டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் இருவரும் 1958இல் பூனையின் மூளைப் புறணியில் ஒரு செல்லின் மின்துடிப்பைக் கேட்டுக்கொண்டு, கண்ணாடிச் சில்லில் இட்ட கரும்புள்ளியைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். புள்ளிக்குச் செல் மசியவில்லை. சில்லைக் கருவிக்குள் செருகியபோது அதன் ஓரத்தின் மெல்லிய நிழல் திரையில் கோடாக நகர்ந்தது. உடனே செல் படபடவென்று துடித்தது. குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்கு மட்டும் எழுந்துகொள்ளும் செல்கள் மூளைக்குள் இருக்கின்றன என்பது இப்படித்தான் தெரியவந்தது. இந்த ஆய்வு இருவருக்கும் 1981இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. கிடைக்கோட்டையும் செங்குத்துக்கோட்டையும் நாம் சாய்ந்த கோட்டைவிடக் கூர்மையாகப் பிரித்தறிகிறோம் என்பதும் நன்கு நிறுவப்பட்ட விஷயம். நகரம் முழுக்க அந்த இரண்டு கோடுகள்தானே!

ஓவியர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது என்று நான் நினைப்பது 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு. டிர்க் வால்தரும் சக ஆய்வாளர்களும் கடற்கரை, நகரத் தெரு, காடு, நெடுஞ்சாலை, மலை, அலுவலகம் ஆகிய ஆறு வகைக் காட்சிகளை வண்ணப் படங்களாகவும் வெறும் கோட்டோவியங்களாகவும் காட்டி, பார்த்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். அந்தப் பதிவை மட்டும் வைத்து அவர்கள் பார்த்தது எந்த வகைக் காட்சி என்று கணிக்க முடிகிறதா என்பது கேள்வி. முடிந்தது. வண்ணப் படத்துக்கு எவ்வளவு சரியாகக் கணிக்க முடிந்ததோ, கோட்டோவியத்துக்கும் அவ்வளவு சரியாகவே கணிக்க முடிந்தது. அடுத்து, சில படங்களிலிருந்து குட்டைக் கோடுகளையும் வேறு சிலவற்றிலிருந்து நீளக் கோடுகளையும் அழித்துப் பார்த்தார்கள். குட்டைக் கோடுகள் போனபோது மக்கள் ஓரளவு சமாளித்தார்கள். நீளக் கோடுகள் போனபோது காட்சியை அடையாளம் காண்பதில் வெகுவாகத் தடுமாறினார்கள். சன்னல் கம்பி, செருப்பு வைக்கும் அலமாரி, பூந்தொட்டி எல்லாம் குட்டைக் கோடுகள். தாழ்வாரத்தின் கைப்பிடிச் சுவர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓடும் நீளக் கோடு. முதலில் சொன்ன கேன்வாஸில் மிஞ்சியிருப்பது அதுதான்.

அந்தக் கேன்வாஸை வரைந்தவர் ஈசூனில் தம் வீட்டுப் படுக்கையறை ஒன்றையே ஓவியக்கூடமாக வைத்திருக்கும் ஓர் ஓவியர். நெடுநாள் பழக்கம், அக்கா என்றே அழைப்பேன். தோ பாயோவின் பழைய புளோக்குகளை அவர் பகல் ஒரு மணிக்குத்தான் போய்ப் பார்ப்பார். வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் எதற்கு என்று கேட்டேன். "காலையில் கட்டடம் தெரியும், தம்பி. ஒரு மணிக்குக் கோடு மட்டும்தான் தெரியும்" என்றார்.

இதன் பின்னால் இருப்பது நேரடியான கணக்கு. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 1.3 பாகை தள்ளி இருக்கிறது. நம் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய ஒரு மணிக்கு. அப்போது அதன் உயரம் ஆண்டின் எந்த நாளிலும் 65 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கிறது. 65 பாகை என்றே வைத்துக்கொண்டாலும், சுவரிலிருந்து ஒரு மீட்டர் வெளியே நீண்டிருக்கும் தளம் தனக்குக் கீழே 2 மீட்டருக்கு மேல் நிழல் விழச் செய்யும். ஒரு மாடியின் உயரத்தில் அது பெரும்பகுதி. ஆகவே உச்சிவேளையில் தாழ்வாரத்தின் உட்புறச் சுவர், கதவுகள், சன்னல்கள் எல்லாம் இருட்டுக்குள் போய்விடுகின்றன. வெயிலை வாங்கிக்கொண்டு வெளியே தெரிவது கைப்பிடிச் சுவர் மட்டுமே. வெளிச்சப் பட்டை, இருட்டுப் பட்டை, மறுபடி வெளிச்சப் பட்டை. ஓவியர் செய்யவேண்டிய சுருக்கத்தைச் சூரியனே செய்துகொடுத்துவிடுகிறது.

இதே கட்டடத்தைத் தூக்கி லண்டனில் வைத்தால் இந்த ஓவியம் பிறக்காது. அங்கே டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில்தான் இருக்கும். அதே ஒரு மீட்டர் தளத்தின் நிழல் 27 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். வெளிச்சம் நேராக உள்ளே புகுந்து ஒவ்வொரு கதவையும் எண்ணிக் காட்டும். ஒரு நகரத்தின் அரூப ஓவியத்தில் அந்த நகரத்தின் அட்சரேகையும் சேர்ந்தே வந்துவிடுகிறது என்பது எனக்கு அலுக்காத வியப்பு.

கோட்டுக்கு அடுத்தது ஒளிர்வு. ஒரு நிறம் எந்த நிறம் என்பது வேறு, அது எவ்வளவு வெளிச்சம் என்பது வேறு. பொருள் எங்கே இருக்கிறது, எவ்வளவு தொலைவில் இருக்கிறது, நகர்கிறதா என்பதைப் பார்க்கும் மூளைப் பகுதிகள் பெரும்பாலும் ஒளிர்வு வேறுபாட்டையே நம்புகின்றன. நிறம் அவற்றுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. அதனால் இரண்டு வண்ணங்கள் நிறத்தில் வேறுபட்டும் ஒளிர்வில் சமமாகவும் இருந்தால், அவற்றுக்கு இடையிலுள்ள எல்லை ஓரிடத்தில் நிலைக்காமல் அசைவதுபோல் தோன்றும். டச்சு அரூப ஓவியர் மோண்ட்ரியான் 1942-43இல் நியூயார்க்கை மனத்தில் வைத்து வரைந்த 'பிராட்வே பூகி வூகி'யில் மஞ்சள் கட்டங்கள் துள்ளுவதாகத் தெரிவதற்கு இது முக்கியக் காரணம். அந்த மஞ்சளும் பின்னணியின் வெள்ளையும் ஒளிர்வில் நெருங்கியவை.

அக்கா இதைக் கைப்பேசியில் சோதிப்பார். வரைந்துகொண்டிருக்கும்போதே படமெடுத்து, நிறத்தை நீக்கிப் பார்ப்பார். ஆரஞ்சுக் கீற்று பக்கத்துச் சாம்பலோடு கரைந்துவிட்டால் அது கட்டடமாக நிற்காது, மினுக்கிக்கொண்டே இருக்கும். ரோச்சோர் சென்டரின் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் புளோக்குகள் இடிக்கப்பட்ட பிறகு அவற்றை நினைவிலிருந்து வரைய முயன்றவர்கள் எங்களில் பலர். நிறத்தை மட்டும் நம்பியவர்களின் படங்களில் நான்கு புளோக்குகளும் ஒன்றன்முன் ஒன்றாக நிற்காமல் ஒரே தளத்தில் ஒட்டிக்கிடந்தன.

இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. அக்ரிலிக் ஈரமாக இருக்கும்போது ஒரு வெளிச்சம், காய்ந்த பின் வேறு வெளிச்சம். அக்ரிலிக் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பாலிமர் துளிகளும் நிறமித் துகள்களும். பாலிமரின் ஒளிவிலகல் எண் வேறு, தண்ணீருடையது வேறு. அதனால் ஒவ்வொரு துளியும் ஒளியைச் சிதறடித்து, வண்ணத்தின்மேல் மெல்லிய பால்வெண்மையைப் படரவிடுகிறது. தண்ணீர் ஆவியானதும் துளிகள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து தெளிவான படலமாகின்றன. சிதறல் நின்றுபோகிறது, வண்ணம் கருத்துவிடுகிறது. சாம்பல் ஒரு படி இறங்கினால், தூரத்தில் நிற்கவேண்டிய புளோக் முன்னே வந்துவிடும். நம் ஊரின் ஈரப்பதத்தில் தண்ணீர் ஆவியாவதற்கும் நேரம் பிடிக்கிறது. மழை நாளில் ஈரம் நெடுநேரம் நிற்பதால், அக்கா ஒவ்வொரு சாம்பலையும் முதலில் ஒரு காகிதத் துண்டில் பூசி, மின்விசிறியின்கீழ் காயவைத்து, அதைக் கேன்வாஸின்மேல் வைத்துப் பார்த்த பிறகுதான் தூரிகையைத் தொடுகிறார். அந்தக் காகிதத் துண்டுகள் சுவரெங்கும் ஒட்டியிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதிய கலவை விகிதத்தோடு.

இனி பட்டைகளின் இடைவெளி. ஒழுங்கான பட்டைகள் சில அளவுகளில் கண்ணைத் தொந்தரவு செய்யும். நம் பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்குள் வெளிச்சமும் இருட்டுமாகச் சுமார் மூன்று சோடி விழும்போது தொந்தரவு உச்சத்துக்குப் போகிறது. கையை நீட்டினால் கட்டைவிரலின் அகலம் ஏறக்குறைய 2 பாகை. அந்த அகலத்துக்குள் ஆறு சோடி அடங்கினால் அதுதான் அந்த அளவு. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது உண்மையான வேதனை. ஒளிக்கு எளிதில் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்தாகவும் ஆகலாம்.

அக்காவின் கேன்வாஸில் ஒரு சோடிப் பட்டை 4 சென்டிமீட்டர். கணக்கிட்டால் சுமார் 7 மீட்டர் தள்ளி நிற்பவருக்குத்தான் அது பாகைக்கு மூன்று சோடியாகும். வீட்டு வரவேற்பறையில் அவ்வளவு தூரம் கிடைப்பது அரிது, கண்காட்சிக் கூடத்தில் தாராளமாகக் கிடைக்கும். அதனால் கூடத்துக்குப் போகும் ஓவியங்களில் அவர் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைத்துக்கொள்கிறார். பட்டைகளையும் ஆங்காங்கே அறுத்துவிடுகிறார். அறுபட்ட இடங்களில் சிறு சிறு வண்ணத் தீற்றல்கள், மூங்கில் கழியில் காயும் துணிகளின் அளவில்.