கடல்வாசலின் சாவி: நலிந்த உதுமானியப் பேரரசு வல்லரசுகளிடையே பிழைத்த விதம்

டான்யூப், நீஸ்டர், நீப்பர் என்று பெரிய பெரிய ஆறுகள் கருங்கடலில் வந்து விழுகின்றன. ஆவியாகிப் போகும் நீரைவிட வந்து சேரும் நீர் அதிகம். மிஞ்சியது வெளியேற ஒரே வழிதான் உண்டு. முதலில் பாஸ்பரஸ் நீரிணை. நீளம் சுமார் 31 கி.மீ., மிகக் குறுகிய இடத்தில் அகலம் 700 மீட்டர். அடுத்து மர்மரா கடல். அதையும் தாண்டினால் டார்டனெல்ஸ் நீரிணை, 61 கி.மீ. நீளம், குறுகிய இடத்தில் 1.2 கி.மீ. அகலம். கருங்கடல் நீரில் கிலோவுக்கு 18 கிராம் அளவுக்கே உப்பு. மத்தியதரைக் கடல் நீரில் 38 கிராம். அதனால் லேசான கருங்கடல் நீர் மேலாகத் தெற்கே ஓடுகிறது, கனமான நீர் அடியில் வடக்கே போகிறது. பாஸ்பரசில் மேல்நீரோட்டம் மணிக்கு 5 முதல் 7 கி.மீ. வேகம் பிடிக்கும், வளைவுகளில் இன்னும் கூடும். அங்கே பெரும்பாலும் வீசுவதும் வடகிழக்குக் காற்று.

பாய்மரக் கப்பல் காலத்தில் இதற்கு ஒரே பொருள்தான். தெற்கிலிருந்து வரும் கப்பலுக்குக் காற்றும் எதிர், நீரும் எதிர். தெற்குக் காற்று திரும்பும்வரை டார்டனெல்ஸ் வாயிலில் நாள்கணக்கில், சமயத்தில் வாரக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடக்க வேண்டும். இந்த இரண்டு நீரிணைகளுக்கும் நடுவில், தண்ணீரை ஒட்டியே உட்கார்ந்திருந்த நகரம் இஸ்தான்புல், உதுமானியத் துருக்கியரின் தலைநகர். படைபலத்தில் ஐரோப்பாவின் எந்த வல்லரசுக்கும் ஈடுகொடுக்க முடியாத நிலைக்கு வந்த பிறகும் உதுமானியப் பேரரசு இன்னும் 140 ஆண்டுகள் உயிரோடு இருந்ததென்றால், அந்த வாசலும் அதை வைத்துச் செய்த பேரமும் முக்கியமான காரணம்.

வீழ்ச்சியின் கணக்கு 1774 ஜூலை 21-ல் தொடங்குகிறது. ரஷ்யாவிடம் போரில் தோற்று அன்று கையெழுத்திட்ட குச்சுக் கைனார்ஜா உடன்படிக்கைப்படி, கருங்கடலின் வடகரைத் தீபகற்பமான கிரிமியா உதுமானியர் கையைவிட்டுப் போனது. 1783-ல் ரஷ்யா அதை இணைத்துக்கொண்டது. ரஷ்ய வணிகக் கப்பல்களுக்குக் கருங்கடலும் நீரிணைகளும் திறந்தன. போர்க்கப்பல்களுக்கு மட்டும் திறக்கவில்லை. பேரம்பேச மிச்சமிருந்த சரக்கு அதுதான்.

பேரம் எப்படி வேலை செய்தது? ரஷ்யாவுக்கு வாசல் வேண்டும். பிரிட்டனுக்கு வாசல் தேவையில்லை, ரஷ்யாவிடம் போகாமல் இருந்தால் போதும். பிரான்சுக்கு, மற்ற இருவரையும் தொல்லைப்படுத்த அது கையில் இருந்தால் நல்லது. இப்படி ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துப் பயப்படும்வரை, பலவீனமான காவல்காரரே வாசலில் இருப்பது எல்லோருக்கும் வசதி. காவல்காரரின் வலிமை அவர் கையில் இல்லை. அடுத்தவர்களின் பகையில் இருக்கிறது. பகை சூடாக இருக்கும்போது விலை ஏறும், பகைவர்கள் கைகுலுக்கினால் ஒரே நாளில் விழும். இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைப் பார்க்க 1798 முதல் 1812 வரையிலான 14 ஆண்டுகளே போதும்.

1798 ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் இறங்கினார். எகிப்து உதுமானிய மாகாணம். பிரான்சோ இரண்டரை நூற்றாண்டு நட்பு நாடு. செப்டம்பரில் சுல்தான் மூன்றாம் செலிம் பிரான்சின் மீது போர் அறிவித்தார். அதே மாதம், அதுவரை யாரும் நினைத்துப் பார்க்காத காட்சி: அட்மிரல் உஷாகோவின் ரஷ்யப் போர்க்கப்பல்கள் அனுமதியோடு பாஸ்பரசில் நுழைந்து, உதுமானியக் கப்பல்களோடு சேர்ந்து மத்தியதரைக் கடலுக்குப் போயின. 1799 மார்ச்சில் இருவரும் சேர்ந்து பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த கோர்ஃபு தீவுக் கோட்டையைப் பிடித்தார்கள். 1799 ஜனவரியில் கையெழுத்தான கூட்டணி ஒப்பந்தத்தில்தான் நுணுக்கம் இருக்கிறது. இந்த அனுமதி இந்தப் போருக்கு மட்டும். நாளைக்கு உரிமை என்று கோர முடியாது. சாவியைக் கொடுக்கவில்லை, ஒருமுறை கதவைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார்கள்.

இந்தக் கூட்டணியின் ஒரு கிளை நம் பக்கமும் நீண்டது. 1786-ல் திப்பு சுல்தான் உதவி கேட்டு இஸ்தான்புல்லுக்குப் பெரிய தூதுக்குழுவை அனுப்பியிருந்தார். படை கிடைக்கவில்லை. 1798 செப்டம்பர் 20 தேதியிட்டு செலிம் திப்புவுக்கு எழுதிய கடிதம், பிரெஞ்சுக்காரரோடு சேர வேண்டாம், ஆங்கிலேயரோடு சமாதானமாகப் போங்கள் என்று சொன்னது. அதைத் திப்புவிடம் சேர்ப்பித்தவர் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி. 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, கோவைப் பகுதி கம்பெனியிடம் போனது. எகிப்தை மீட்க பிரிட்டனின் தயவு தேவைப்பட்ட சுல்தானால் வேறு மாதிரி எழுதியிருக்க முடியாது. ஆனால் அந்தக் கடிதத்தின் விலையைக் கட்டியவர்களில் நம் மண்ணும் உண்டு.

எகிப்து திரும்பக் கிடைத்தது. 1802-ல் பிரான்சோடு சமாதானம். அதே ஆண்டு ரஷ்யாவுக்கு ஒரு வாக்கும் கொடுக்கப்பட்டது: டான்யூபுக்கு வடக்கே இருந்த மால்டாவியா, வாலக்கியா சிற்றரசுகளின் ஆளுநர்களை ஏழாண்டுக் காலம் முடியுமுன் ரஷ்யாவின் இசைவின்றி நீக்கக் கூடாது. 1805 டிசம்பரில் ஆஸ்டர்லிட்சில் நெப்போலியன் ரஷ்யாவையும் ஆஸ்திரியாவையும் நொறுக்கியதும் இஸ்தான்புல்லின் தராசு சாய்ந்தது. 1806-ல் நெப்போலியனின் பேரரசர் பட்டத்தை சுல்தான் ஏற்றார். ஆகஸ்டில் பிரெஞ்சுத் தூதர் செபாஸ்தியானி வந்து இறங்கினார்; அதே மாதம் இரு ஆளுநர்களும் நீக்கப்பட்டார்கள். ரஷ்யா உறுமியது. அக்டோபரில் அவர்களைத் திரும்பப் பதவியில் வைத்தார்கள், ஆனால் ரஷ்யப் படை கிளம்பிவிட்டது. செய்தி போய்ச்சேர வாரங்கள் ஆகும் காலத்தில் முடிவை மாற்றிக்கொள்வது எப்போதும் பிந்திய வேலைதான். பலவீனமான அரசு பக்கம் மாறுவதில் தவறில்லை. ஜெயிப்பது யார் என்று தெரியுமுன், அதுவும் உடனே அடிக்கக்கூடிய அண்டை வீட்டுக்காரரைச் சீண்டிக்கொண்டு மாறியதுதான் பிழை.

ரஷ்யாவின் கூட்டாளி பிரிட்டன் கடல்வழியே மிரட்ட வந்தது. 1807 பிப்ரவரி 19 அன்று துணை அட்மிரல் டக்வொர்த்தின் கப்பல்கள் தெற்குக் காற்றைப் பிடித்து டார்டனெல்சைக் கடந்தன. கோட்டைகள் பராமரிப்பின்றிக் கிடந்ததால் பெரிய சேதமில்லை. மறுநாள் இஸ்தான்புல்லுக்குத் தென்கிழக்கே இளவரசர் தீவுகளருகே நங்கூரமிட்டார்கள். கோரிக்கை: பிரெஞ்சுத் தூதரை வெளியேற்று, உதுமானியக் கடற்படையை ஒப்படை. நகரத்தின் கடலோரச் சுவர்களில் அப்போது சொல்லிக்கொள்ளும்படி பீரங்கிகள் இல்லை. அரண்மனையே தண்ணீரோரம்.

இந்த இடத்தில் தராசில் ஏறியது நேரம். உதுமானிய அதிகாரிகள் மறுக்கவில்லை, ஒப்பவும் இல்லை. பேச ஓர் இடம் குறிப்போம், ஆளை அனுப்புகிறோம், பதிலுக்குப் பதில் எழுதுகிறோம் என்று நாள்கள் போயின. கரையில் செபாஸ்தியானியும் பிரெஞ்சு அதிகாரிகளும் இடம் காட்ட, நகரமே மண் சுமந்தது. நூற்றுக்கணக்கான பீரங்கிகள் ஏறின. டக்வொர்த்துக்கு இது தெரிந்தது, ஆனால் கப்பலை நகர்த்த முடியவில்லை. அவரை உள்ளே கொண்டுவந்த தெற்குக் காற்று நின்றுவிட்டது. பாஸ்பரசிலிருந்து வரும் நீரோட்டம் அவர் முகத்துக்கு நேராக ஓடியது. பத்து நாள் கழித்துத் திரும்பினார்.

மார்ச் 3 அன்று டார்டனெல்ஸ் கோட்டைகள் தயாராக இருந்தன. அங்கே 15-ஆம் நூற்றாண்டு வகை வெண்கலப் பீரங்கிகள் தரையில் கிடத்தியபடி இருந்தன. அந்த வகையில் 1464-ல் வார்க்கப்பட்ட ஒன்று இன்று போர்ட்ஸ்மவுத் அருகே நெல்சன் கோட்டையில் இருக்கிறது. 1866-ல் சுல்தான் அப்துல் அஜீஸ் விக்டோரியா ராணிக்குப் பரிசளித்தது. நீளம் 5 மீட்டருக்குச் சற்று மேல், எடை சுமார் 17 டன், இரண்டு துண்டுகளாக வார்த்து மரைபோட்டுத் திருகி இணைக்கும் அமைப்பு, 63 செ.மீ. விட்டமுள்ள கல் குண்டு. இதைத் திருப்பிக் குறிபார்க்க முடியாது. ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்து கிட்டிக்க நெடுநேரம். திறந்த கடலில் உதவாத ஆயுதம். ஆனால் 1.2 கி.மீ. அகல நீரிணையில் கப்பல் தன் முன்னால் வந்தே தீர வேண்டும். வரும் நொடிக்காக வாய் திறந்து காத்திருந்தால் போதும். விண்ட்சர் காஸில் என்ற போர்க்கப்பலின் பெரிய பாய்மரத்தை ஏறத்தாழ 360 கிலோ எடையுள்ள கல் ஒன்று தாக்கியது. உள்ளே போனபோது வாங்கியதைவிடத் திரும்பும்போது வாங்கிய அடி பலமானது.

வெற்றிதான். ஆனால் வாசலை வெளியிலிருந்தும் பூட்டலாம். ரஷ்ய அட்மிரல் சென்யாவின் டார்டனெல்ஸ் வாயிலில் உள்ள தெனெதோஸ் தீவைப் பிடித்து முற்றுகையிட்டார். இஸ்தான்புல்லின் கோதுமை டான்யூப் பக்கமிருந்து, அரிசி எகிப்திலிருந்து. வடக்கே போர், தெற்கே முற்றுகை, நகரம் பசித்தது. பசித்த நகரத்தில், ஐரோப்பிய பாணியில் பயின்ற செலிமின் புதுமுறைப் படையை வெறுத்த பாஸ்பரஸ் கோட்டைக் காவலர்கள் கலகம் செய்தார்கள். 1807 மே 29-ல் செலிம் அரியணை இழந்தார். நிபுணர்கள் கூட்டணிக் கணக்கில் மூழ்கும்போது ரொட்டிக் கணக்கைத் தவறவிடுவது வழக்கம். இங்கே சுல்தானை வீழ்த்தியதில் ரொட்டிக்கும் பங்குண்டு.

அடுத்த இடி ஜூலை 7. டில்சிட் நகரில் நெப்போலியனும் ரஷ்யாவின் ஜார் அலெக்சாந்தரும் சமாதானமானார்கள். 1808 அக்டோபரில் ஜெர்மன் நகரான எர்ஃபுர்ட்டில் இன்னும் மோசம்: மால்டாவியாவும் வாலக்கியாவும் ரஷ்யாவுக்கே என்று நெப்போலியன் ரகசியமாக ஒப்பினார். யாரை நம்பி ரஷ்யாவோடு மோதினார்களோ அவரே விற்றுவிட்டார்.

உதுமானியர் செய்தது பதற்றமில்லாத காரியம். இரண்டாண்டுக்கு முன் தலைநகரைக் குறிவைத்த பிரிட்டனிடமே போனார்கள். 1809 ஜனவரி 5-ல் டார்டனெல்ஸ் கரையிலேயே ஒப்பந்தம். சமாதான காலத்தில் எந்த நாட்டுப் போர்க்கப்பலும் நீரிணைகளில் நுழையக் கூடாது என்பதைப் பேரரசின் பழைய விதியாக பிரிட்டன் எழுத்தில் ஏற்றது. பார்வைக்கு இது சலுகையே அல்ல. உண்மையில் அந்த நூற்றாண்டின் மிக மதிப்புள்ள ஒரு வரி. வாசலை மூடிவைப்பது இனி சுல்தானின் விருப்பம் மட்டுமல்ல, உலகின் பெரிய கடற்படையின் நலனும்கூட.

ரஷ்யாவோடு போர் நீடித்தது. 1811 இறுதியில் ரஷ்யத் தளபதி குத்துசோவ் டான்யூபின் இடக்கரையில் உதுமானியப் படையை வளைத்துப் பட்டினி போட்டார். ஆனால் ரஷ்யாவுக்கும் அவசரம். மேற்கு எல்லையில் நெப்போலியன் படை திரட்டிக்கொண்டிருந்தார். பேச்சுவார்த்தையில் அந்த அவசரம் வரைபடத்திலேயே தெரிந்தது. முதலில் டான்யூபே எல்லை என்றார்கள், பிறகு கிழக்கே சிரெத் ஆறு, கடைசியில் இன்னும் கிழக்கே புரூத் ஆறு. 1812 மே 28-ல் புக்கரெஸ்டில் கையெழுத்து. மால்டாவியாவின் கிழக்குப் பாதியான பெஸ்ஸராபியா போனது, சுமார் 45,000 சதுர கி.மீ.; வாலக்கியா முழுதும், மால்டாவியாவின் மேற்குப் பாதியும் திரும்பின. சரியாக 27 நாள் கழித்து, ஜூன் 24-ல், நெப்போலியன் ரஷ்ய எல்லையான நீமன் ஆற்றைக் கடந்தார்.

இன்னும் ஒரு மாதம் இழுத்திருந்தால் பெஸ்ஸராபியாவும் மிஞ்சியிருக்கும் என்று அப்போதே இஸ்தான்புல்லில் கொதித்தார்கள். பேச்சுவார்த்தையில் இருந்த மொழிபெயர்ப்பாளர் திமித்ரி மொருசி, ரஷ்யாவுக்கு உடந்தை என்ற சந்தேகத்தில் அதே ஆண்டு கொல்லப்பட்டார். அந்தக் கோபம் எனக்கு நியாயமாகப் படவில்லை. டில்சிட்டையும் எர்ஃபுர்ட்டையும் பார்த்தவர்கள் நெப்போலியன் மறுபடி ரஷ்யாவோடு சேர்ந்துவிடுவார் என்று பயந்ததில் பொருள் இருக்கிறது. இழுத்து, அந்த ஆண்டு இறுதியில் பிரெஞ்சுப் படை பனியில் அழிந்த பிறகு தனியாக ரஷ்யாவிடம் மாட்டியிருந்தால் டான்யூபே எல்லையாகியிருக்கும்.

பிறகு வந்த பல பத்தாண்டுகளில் இதே ஆட்டம் வேறு ஆட்களோடு. 1833-ல் எகிப்தின் கலக ஆளுநர் முகமது அலியின் படை அனத்தோலியாவுக்குள் வந்தபோது பிரிட்டன் கைவிரித்தது, எதிரியான ரஷ்யாவே காப்பாற்றியது. அதற்குக் கொடுத்த விலையைப் பார்த்து மிரண்ட பிரிட்டன் 1840-ல் ஓடிவந்தது. 1841-ல் நீரிணை விதி ஐந்து வல்லரசுகளும் ஒப்பிய உடன்படிக்கையானது. 1854-ல் பிரிட்டனும் பிரான்சும் உதுமானியருக்காக ரஷ்யாவோடு கிரிமியப் போரில் இறங்கின. இந்தக் கலையின் உச்சம் அதுவே.

நஞ்சும் அப்போதே கலந்தது. கிரிமியப் போருக்காக 1854-ல் முதல் வெளிநாட்டுக் கடன்: 30 லட்சம் பவுண்டு, 6% வட்டி. ஆனால் 100 பவுண்டு பத்திரம் 80-க்குத்தான் விற்றது. கைக்கு வந்தது 80, வட்டி 100-க்கு; உண்மை வட்டி 7.5%, தரகு தனி. திருப்பித் தர வேண்டியதும் 100. இருபது ஆண்டில் கடன்மேல் கடன் சுமார் 20 கோடி பவுண்டைத் தொட, 1875 அக்டோபரில் பாதி வட்டியை நிறுத்தினார்கள். 1881-ல் கடன் கொடுத்தவர்களின் நிர்வாகமே உள்ளே வந்து உப்பு, புகையிலை, முத்திரைத்தாள், மது, மீன், பட்டு வருவாய்களை எடுத்துக்கொண்டது. கதவைத் தானாகத் திறந்து மூட வருவாய் வேண்டும். வருவாய் போனவரின் பேரத்தில் எடை குறையும்.

கடைசியில் அடிப்படையே போனது. 1907-ல் பிரிட்டனும் ரஷ்யாவும் ஒப்பந்தமானார்கள். டில்சிட் திரும்ப வந்தது போல, இம்முறை நிலைத்தும்விட்டது. வாசலுக்காக ஒருவரையொருவர் முறைத்தவர்கள் ஒரே அணி, எஞ்சியது ஜெர்மனி. முதல் உலகப்போர் மூண்டபோது, 1914 ஆகஸ்ட் 2-ல், ஜெர்மனியோடு ரகசியக் கூட்டணி. செப்டம்பர் இறுதியில் டார்டனெல்ஸ் எல்லாக் கப்பலுக்கும் மூடல். அக்டோபர் 29-ல் ரஷ்யத் துறைமுகங்கள் மீது குண்டுவீச்சு. 1915 மார்ச் 12-ல், நூறாண்டு ரஷ்யாவிடமிருந்து காத்த அதே நீரிணைகளையும் இஸ்தான்புல்லையும் வென்றபின் ரஷ்யாவுக்கே தருவதாக பிரிட்டன் எழுதிக்கொடுத்தது. ஆறு நாள் கழித்து, மார்ச் 18-ல், பிரிட்டிஷ் பிரெஞ்சுக் கப்பல்கள் டக்வொர்த் போன வழியிலேயே டார்டனெல்சில் நுழைந்தன. பத்து நாள் முன் இரவில் நுஸ்ரத் என்ற சிறு உதுமானியக் கப்பல் அங்குள்ள எரென்கோய் வளைகுடாவில் 26 கண்ணிவெடிகளை இறக்கி வைத்திருந்தது. அன்று மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கின.