பூட்டிய வீட்டுக்குள் ஒரு சென்சார் எப்படிப் பிழைக்கும்?

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகள் பலவும் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து திறக்கும்போதுதான், ஓடு விலகி மழைத்தண்ணீர் இறங்கி உள்பக்கத்து இரண்டாங்கட்டு உத்தரம் ஊறிப்போனது தெரியவரும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடித்து மரம் இற்றுப்போகத் தொடங்கும். பர்மாத் தேக்கு நிறையத் தாங்கும்தான். பிற்பாடு மாற்றிய ரீப்பர்கள் எல்லாம் தேக்கா என்ன?

ஈரத்தை முன்கூட்டியே அறிய, உத்தரத்தில் இரண்டு ஊசிகளை இறக்கி, நடுவிலுள்ள மின்தடையை அளந்தால் போதும். ஈரம் கூடக்கூடத் தடை குறையும். அளவை ரேடியோ அலையில் அனுப்பச் சின்னக் கருவிகள் உண்டு. ஆனால் வீட்டைப் பூட்டுகிறவர்கள் மெயினையும் அணைத்துவிட்டுத்தான் போவார்கள். காசளவு லித்தியம் பேட்டரியில் இருக்கும் ஆற்றல் சுமார் 2,400 ஜூல். சராசரியாக 20 மைக்ரோவாட் (ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோவாட்) செலவானால் காகிதக் கணக்கிலேயே நாலு வருஷம் நிறையாது. அப்புறம் ஏணி போட்டு ஏற ஆள் தேட வேண்டும்.

சரி, சுற்றுப்புறத்திலிருந்தே மின்சாரம் எடுக்கலாமா? அழுத்தினால் மின்னழுத்தம் தரும் பீசோ படிகங்கள் 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தவை. ஓடும் மோட்டாரின் மேல் ஒட்டினால் பயன் தரும். ஆள் நடமாட்டமே இல்லாத வீட்டில் அதிர்வதற்கு எதுவுமில்லை. வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் வழியை ஸீபெக் 1821இல் காட்டினார். மத்தியான ஓட்டின் சூடு ஆசை காட்டும். ஆனால் அப்படி மின்சாரம் எடுக்கும் சில்லு சில மில்லிமீட்டர் தடிமன்தான்; அதன் இரு பக்கமும் சீக்கிரமே ஒரே சூட்டுக்கு வந்துவிடும். செல்போன் கோபுரத்து அலையில் கிடைப்பதோ சொற்பத்திலும் சொற்பம்.

மிச்சம் இருப்பது வெளிச்சம். வீட்டைக் கட்டியவர்கள் அதற்கு முற்றம் விட்டிருக்கிறார்கள். தாழ்வாரத்தில் பகலில் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கால்குலேட்டரில் இருக்கும் வகை சூரியத் தகடு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 மைக்ரோவாட் தரும். 10 சதுர சென்டிமீட்டர் தகடென்றால் 100 மைக்ரோவாட். எட்டு மணி நேரத்தில் 2.9 ஜூல்; மின்னழுத்தத்தை மாற்றும் சுற்றில் போவது போக இரண்டு ஜூலுக்குக் கொஞ்சம் மேல்.

செலவு? தூங்கும்போது மூன்று மைக்ரோவாட். ஒரு நாளுக்குக் கால் ஜூல். ஒருமுறை அளந்து, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் லோரா ரேடியோவில் அனுப்ப 50 மில்லிஜூல் என்று கொள்ளலாம். மணிக்கொரு தடவை என்றால் 1.2 ஜூல். கணக்கு இடிக்கவில்லை. ஆனால் அனுப்பும் அந்த நொடியில் ரேடியோ 100 மில்லிவாட்டுக்கு மேல் கேட்கும். தகடு தருவதைப்போல அது ஆயிரம் மடங்கு! அதனால்தான் இடையில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க ஒரு சூப்பர் கெப்பாசிட்டர், ஊருணி மாதிரி: சொட்டுச் சொட்டாகச் சேரும், மொத்தமாக இறைக்கலாம். 1 ஃபாரட் அளவுள்ளது 4.5 வோல்ட்டிலிருந்து 2.2க்கு இறங்கும்போது ஏழரை ஜூல் கொடுக்கும்.

பலரும் கோட்டைவிடும் இடம், கெப்பாசிட்டர் சும்மா இருக்கும்போதே அதிலிருந்து போகும் கசிவு. ஐந்து மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே நாளுக்கு ஒரு ஜூலுக்கு மேல் போய்விடும், கிட்டத்தட்ட சென்சாரே தின்னும் அளவு. எந்தக் கெப்பாசிட்டரை வாங்குகிறோம் என்பது தகட்டின் அளவைவிட முக்கியம் என்பேன். (இந்த மாதிரிச் சங்கதிகளுக்கென்றே காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது.)

மரத்தின் ஈரம் மணிக்கு மணி மாறுவதில்லை. நாலு மணிக்கொரு தடவை அனுப்பினால் அந்தச் செலவு 0.3 ஜூலாக இறங்கும். சிக்கல் ஐப்பசியில்தான். மேகம் மூடி வரவு குறையும். ஈரத்தைக் கவனிக்க வேண்டியதும் அப்போதுதான். எனவே மின்னழுத்தம் இறங்க இறங்க இடைவெளியை நீட்டிக்கொள்ளவும், அளவு திடீரென்று எகிறினால் மட்டும் உடனே ஒரு தகவல் அனுப்பவும் நிரலில் எழுதிவிடுவார்கள். அதை வாங்கிக்கொள்ளும் கருவி பூட்டாத வீடு ஒன்றில் இருந்தால் போதும். பக்கத்துத் தெருக்களுக்கும் அதுவே எட்டும்.