இலவச டப்பா வந்தால் தாய்ப்பால் ஏன் குறைகிறது?

பிரசவ வார்டில் படுத்திருக்கும் ஒரு தாயிடம் பால்மாவு டப்பாவை இலவச சாம்பிளாக நீட்டினால் இந்தியாவில் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அதே டப்பாவை மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். விற்கலாம், சும்மா கொடுக்கக் கூடாது. கேட்பதற்கு விசித்திரமான சட்டம்தான். ஆனால் தாய்ப்பால் எப்படிச் சுரக்கிறது என்று தெரிந்தால் சட்டம் ஏன் இலவசத்தைக் குறிவைக்கிறது என்பது புரிந்துவிடும். தாய்ப்பாலை மனித உரிமையாகப் பேசும் உலகளாவிய இயக்கம் எழுபதுகளிலிருந்து மல்லுக்கட்டி வருவதில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். கர்ப்பத்தின் பாதியிலேயே மார்பில் உள்ள செல்கள் பால் தயாரிக்கத் தயாராகிவிடுகின்றன. ஆனால் நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் அவற்றை அடக்கி வைத்திருக்கும். பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் புரோஜெஸ்டிரான் சரசரவென்று குறைகிறது. அதன் பிறகு இரண்டு மூன்று நாளில்தான் பால் நிறைய இறங்கும். அதுவரை வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் தேறினால் பெரிது. புதிதாகப் பிறந்த குழந்தைக்கு அவ்வளவுதான் தேவை.

அளவு கொஞ்சம் என்றாலும் அதில் இருக்கும் சரக்கு வேறு மாதிரி. இம்யூனோகுளோபுலின் ஏ என்ற எதிர்ப்புப் புரதம் சீம்பாலில் மிக அதிகம். இது பொதுவான மருந்து போல எல்லாக் கிருமிக்கும் ஒன்றாக இருப்பதில்லை. தாயின் குடலில் ஒரு கிருமி நுழைந்தால், அதை அடையாளம் கண்ட நோயெதிர்ப்புச் செல்கள் ரத்தத்தின் வழியே மார்புக்குப் பயணம் செய்து, அந்தக் கிருமிக்கான எதிர்ப்புப் புரதத்தை அங்கே தயாரிக்கின்றன. அந்த வீட்டில், அந்தத் தெருவில் என்ன கிருமி சுற்றுகிறதோ அதற்கான பாதுகாப்பு அந்தப் பாலில் இருக்கும். எந்தத் தொழிற்சாலையாலும் இதைச் செய்ய முடியாது. அப்புறம், தாய்ப்பாலில் உள்ள திடப்பொருள்களில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்த இடத்தில் இருப்பவை ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைகள். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வேடிக்கை என்னவென்றால் குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. அவை குழந்தையின் குடலில் குடியேறும் பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கான சாப்பாடு.

இப்போது நம் கதைக்கு முக்கியமான பகுதி. பால் இறங்கிய பிறகு எவ்வளவு சுரக்க வேண்டும் என்று யார் முடிவு செய்வது? குழந்தை சப்பும்போது நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இரண்டு ஹார்மோன்கள் வருகின்றன. புரோலாக்டின் பாலைத் தயாரிக்கச் சொல்லும். ஆக்ஸிடோசின், பால் பைகளைச் சுற்றியுள்ள தசைகளை இறுக்கிப் பாலை வெளியே தள்ளும். வலி, பயம், மனக்கவலை இருந்தால் ஆக்ஸிடோசின் தயங்கும். குழந்தை அழும் குரல் கேட்டாலே பொங்கவும் செய்யும்.

ஆனால் ஹார்மோன் மட்டும் கணக்கு இல்லை. ஒரு பக்க மார்பில் மட்டும் தொடர்ந்து பால் கொடுத்தால் அந்தப் பக்கம் சுரந்துகொண்டே இருக்கும், மறுபக்கம் வற்றிவிடும். இரண்டுக்கும் ஓடுவது ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன். அப்படியென்றால் ஒவ்வொரு மார்பும் தனக்கென்று உள்ளூரில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது என்று அர்த்தம். பால் வெளியேறாமல் தங்கினால் அந்தத் தேக்கமே தயாரிப்பைக் குறைக்கச் சொல்கிறது. தேக்கம் நாள்கணக்கில் நீடித்தால் பால் தயாரிக்கும் செல்களே சுருங்கிக் கலையத் தொடங்கும். இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்ற பழமொழி இங்கே அப்படியே பொருந்துகிறது.

இந்த இடத்தில் இலவச டப்பாவை வைத்துப் பாருங்கள். இரண்டாம் நாள். சீம்பால் சில துளிதான் வருகிறது. குழந்தை அழுகிறது. 'பால் பத்தல போல' என்று பக்கத்தில் யாரோ சொல்கிறார்கள். தலைமாட்டில் டப்பா இருக்கிறது. ஒரு வேளை கரைத்துக் கொடுத்தால் குழந்தை வயிறு நிறைந்து நீண்ட நேரம் தூங்கும். அந்த ஒரு வேளை மார்பிலிருந்து பால் எடுக்கப்படவில்லை. அடுத்த வேளையும் இப்படியே போனால் மார்பில் பால் கட்டிக்கொள்ளும், வலிக்கும், சுரப்பு குறையும். பால் பத்தவில்லை என்று சொன்னபோது அது பொய். ஒரு வாரத்தில் அது நிஜமாகிவிடும். இலவச டப்பா தீரும் நேரத்தில் தாய்ப்பால் போதாத நிலை வந்திருக்கும். அடுத்த டப்பாவுக்குக் காசு கொடுத்தாக வேண்டும்.

நம்மூரில் சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவும் வழக்கமும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறது. கம்பெனியை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் பால்சுறாவும் சமைத்துப் போடுவது நல்லதுதான். குழந்தையை இன்னொரு முறை மார்பில் போடச் சொல்வது அதைவிட நல்லது.

இந்த வியாபாரத்தைப் பற்றி முதலில் உரக்கப் பேசியவர்களில் ஒருவர் சிசிலி வில்லியம்ஸ், ஜமைக்காவில் பிறந்த குழந்தை மருத்துவர். இன்றைய கானாவில் வேலை செய்தபோது, புரதக் குறைவால் வரும் குவாஷியோர்கர் நோயை மருத்துவ உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவரும் இவர்தான். பிறகு மலாயாவுக்கு மாற்றலானார். அங்கே நர்ஸ் போல உடையணிந்த பெண்களை வைத்து, இனிப்பு சேர்த்த டின் பாலைக் குழந்தைக்கு ஏற்ற உணவென்று தாய்மார்களிடம் விற்றுக்கொண்டிருந்தார்கள். 1939ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் அவர் பேசிய பேச்சின் தலைப்பே பாலும் கொலையும். இப்படிப்பட்ட பிரசாரத்தைக் கொலையாகக் கருதித் தண்டிக்க வேண்டும் என்று அந்த வியாபாரப் பிரமுகர்கள் முன்னிலையிலேயே சொன்னார்.

அதன்பின் ஒரு தலைமுறை கழிந்தது. 1974ல் வறுமையை எதிர்க்கும் பிரிட்டிஷ் அமைப்பான வார் ஆன் வான்ட் ஏழை நாடுகளில் பால்மாவு விற்கப்படும் விதம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சுவிட்சர்லாந்தில் ஒரு சிறிய குழு அதை ஜெர்மன் மொழியில், நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது என்ற தலைப்போடு அச்சிட்டது. பால்மாவு தயாரிக்கும் சுவிஸ் நிறுவனமான நெஸ்லே வழக்குப் போட்டது. 1976ல் வந்த தீர்ப்பில் அந்தத் தலைப்பு அவதூறுதான் என்று குழுவினருக்கு ஆளுக்கு 300 பிராங்க் அபராதம் விதித்த நீதிபதி, நெஸ்லே தன் விளம்பர முறைகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். வழக்கில் நிறுவனம் ஜெயித்தது. விஷயம் உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த வருடம் ஜூலையில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது.

1978 மே மாதம் அமெரிக்க செனட்டில் எட்வர்ட் கென்னடி தலைமையில் விசாரணை நடந்தது. நெஸ்லேயின் பிரேசில் கிளைத் தலைவர் ஓஸ்வால்டோ பலரின் சாட்சி சொல்ல வந்தார். சுத்தமான தண்ணீர் வேண்டும், புட்டியைக் கொதிக்க வைக்க எரிபொருள் வேண்டும், டப்பாவில் அச்சடித்ததைப் படிக்கத் தெரிய வேண்டும். இவை இல்லாத இடத்தில் இப்படி ஒரு பொருளை விற்கலாமா என்பது கென்னடியின் கேள்வி. தண்ணீருக்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது என்ற ரீதியில் பதில் வந்தது. சட்டப்படி அது சரியான பதிலாகக்கூட இருக்கலாம். ஆனால் அதில்தான் பிரச்சினையே இருந்தது. டப்பா விலை கட்டுப்படியாகாத வீட்டில் ஒரு ஸ்பூன் போட வேண்டிய இடத்தில் அரை ஸ்பூன் போட்டு இழுத்துப்பிடிப்பார்கள். குழந்தை வயிறு நிறையும், உடம்பு தேறாது. கலக்கும் தண்ணீர் குளத்துத் தண்ணீர் என்றால் வயிற்றுப்போக்கு. தாய்ப்பாலில் கிடைத்திருக்கும் எதிர்ப்புச் சக்தியும் அந்த நேரத்தில் இல்லை. தண்ணீர் நல்லதாக இருந்தாலும் மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் கிடையாது. அதனால்தான் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் உள்ள தண்ணீரில் கரைத்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

1979 அக்டோபரில் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஒரு கூட்டம் நடத்தின. அதற்கு வந்திருந்த ஆறு அமைப்புகள் சேர்ந்து, குழந்தை உணவு வியாபாரத்தைக் கண்காணிக்கும் இப்ஃபான் என்ற வலையமைப்பைத் தொடங்கின. அதைத் தொடங்கியவர்களில் மலேசியாவின் பினாங்கிலிருந்து நுகர்வோர் இயக்கம் நடத்திய அன்வர் ஃபசால் ஒருவர். ஆகஸ்ட் முதல் வாரத்தை உலகத் தாய்ப்பால் வாரமாக நடத்தும் வாபா அமைப்புக்கும் தலைமையகம் பினாங்குதான்.

1981 மே 21 அன்று, உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதார மாமன்றத்தில் தாய்ப்பால் மாற்று உணவுகளை விற்பதற்கான சர்வதேச விதித்தொகுப்பு ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 118, எதிர்ப்பு 1. அந்த ஒரு ஓட்டு ரீகன் அரசின் அமெரிக்கா. இதைக் கண்டித்து அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் மூத்த அதிகாரிகள் இருவர் வேலையை ராஜினாமா செய்தார்கள்.

விதித்தொகுப்பைப் படித்துப் பார்த்தால் உடலியல் தெரிந்த யாரோ எழுதியது போல இருக்கும். பால்மாவைத் தடை செய்யவில்லை. பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது, தாய்க்கு சாம்பிள் கூடாது, விற்பனைப் பிரதிநிதி கர்ப்பிணியை நேரில் அணுகக் கூடாது, டப்பாவில் கொழுகொழு குழந்தைப் படம் கூடாது, ஆஸ்பத்திரியை விளம்பர இடமாக்கக் கூடாது. முதல் சில நாள்களில் மார்புக்கும் குழந்தைக்கும் இடையே யாரும் நுழையக் கூடாது என்பதுதான் இதன் சாரம். நெஸ்லே விதித்தொகுப்பை ஏற்பதாகச் சொன்னதும் 1984ல் புறக்கணிப்பு நிறுத்தப்பட்டது. ஆஸ்பத்திரிகளுக்கு இலவச மாவு போவது நிற்கவில்லை என்று 1988ல் மறுபடி தொடங்கியது. பார்த்தீர்களா, மறுபடியும் இலவசம்.

விதித்தொகுப்பு வெறும் பரிந்துரை. ஒவ்வொரு நாடும் தன் சட்டமாக்கினால்தான் பல் முளைக்கும். இந்தியா 1992ல் சட்டமாக்கி, 2003ல் இறுக்கியது. இரண்டு வயது வரைக்குமான குழந்தை உணவு எதற்கும் இங்கே விளம்பரம் செய்ய முடியாது. உலகத்தின் கடுமையான சட்டங்களில் இது ஒன்று. ஆனாலும் 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 88 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில் நடந்திருக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் நூற்றுக்கு 42க்கும் குறைவு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதும் அங்கே உதவி கிடைப்பதும் வேறு வேறு என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சரி, இதில் மனித உரிமை எங்கே வருகிறது? 1989ல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் ஒப்பந்தத்தின் 24வது பிரிவு, தாய்ப்பாலின் நன்மை பற்றிய தகவலும் உதவியும் பெற்றோருக்குக் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்கிறது. 2016ல் ஐ.நா. உரிமை நிபுணர்கள் கூட்டாக ஓர் அறிக்கை விட்டார்கள்: தாய்ப்பால் ஊட்டுவது குழந்தைக்கும் தாய்க்கும் உரிய மனித உரிமை விஷயம். இங்கே 2021ல் கர்நாடக உயர் நீதிமன்றம், ஆஸ்பத்திரியிலிருந்து திருடப்பட்ட குழந்தையைப் பெற்ற தாயிடம் ஒப்படைக்கச் சொன்ன வழக்கில், பாலூட்டுவது தாயின் பறிக்க முடியாத உரிமை, அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு அதைக் காக்கிறது என்றது. குழந்தையின் உரிமையும் அதனோடு சேர்ந்தது என்றது.

உரிமை என்று சொன்னதும் அது தாயின் தலையில் கட்டப்படும் கடமை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. உரிமை அவளுக்கும் குழந்தைக்கும். கடமை அரசுக்கும், முதலாளிக்கும், ஆஸ்பத்திரிக்கும். பால் கொடுக்க முடியாதவர்கள், விரும்பாதவர்கள் குற்றவாளிகள் அல்ல. சில பெண்களுக்கு உடல் காரணங்களால் உண்மையிலேயே பால் போதாது. சில மருந்துகள் எடுப்பவர்கள் கொடுக்க முடியாது. அவர்களுக்குப் பால்மாவு உயிர் காக்கும் பொருள். சரியாகக் கரைக்கும் முறையை யாராவது பொறுமையாகச் சொல்லித் தர வேண்டும், அவ்வளவுதான். குறைமாதக் குழந்தைக்குச் சப்பத் தெரியாவிட்டால் தாயின் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் ஊட்டலாம். நம் பாட்டிமார் பயன்படுத்திய அதே பாலாடையைப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இன்றும் வைத்திருக்கிறார்கள். வேறொரு தாயின் பால் வேண்டுமென்றால் பால் வங்கி இருக்கிறது. மும்பையின் சயான் மருத்துவமனையில் 1989ல் தொடங்கியது ஆசியாவின் முதல் பால் வங்கி.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ம் ஆண்டு ஒப்பந்தமோ குறைந்தபட்சம் 14 வாரப் பேறுகால விடுப்புதான் கேட்கிறது. இந்தியாவில் 2017 முதல் 26 வாரம், கணக்குச் சரியாக ஆறு மாதம். ஆனால் சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்கும் விடுப்பு யார் தருவது? பால் வெளியேறாமல் தேங்கினால் சுரப்பு குறையும் என்ற உடலியல் அவர்களுக்கும் அதேதான். பெண்களின் வேலை இடத்தைச் சரிசெய்யாமல் தாய்ப்பால் போஸ்டர் ஒட்டுவது வெட்டி வேலை என்றே எனக்குப் படுகிறது.

வியாபாரம் இதற்கிடையே உருமாறிவிட்டது. பால்மாவு விற்பனை உலக அளவில் வருடத்துக்குச் சுமார் 5,500 கோடி டாலர். குழந்தை உணவுக்கு விளம்பரம் கூடாது என்ற நாடுகளில், ஒரு வயது தாண்டிய குழந்தைக்கான வளர்ச்சிப் பால் என்ற பெயரில், அதே லோகோ, அதே நிறத்தில் வேறு டப்பா வந்தது. மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கான இந்தப் பால்களும் விதித்தொகுப்புக்குக் கட்டுப்பட்டவைதான் என்று 2016ல் உலக சுகாதார நிறுவனம் தெளிவுபடுத்தியது. 2018ல் தாய்ப்பாலை ஆதரிக்கும் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவர இருந்த ஈக்வடாரை அமெரிக்கப் பிரதிநிதிகள் வர்த்தகத்தைக் காட்டி மிரட்டியதாகச் செய்திகள் வந்தன. ஈக்வடார் ஒதுங்கிக்கொண்டது, யாரும் எதிர்பாராமல் ரஷ்யா அந்தத் தீர்மானத்தைக் கையில் எடுத்தது.

இன்றைக்கு நர்ஸ் உடைக்குத் தேவையே இல்லை. இரவு இரண்டு மணிக்கு அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனில் காரணம் தேடும் தாய்க்கு, பேபி கிளப்பில் சேரச் சொல்லும் ஆப், இன்ஃப்ளூயன்சர் அம்மாவின் வீடியோ, தள்ளுபடிக் கூப்பன் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. பச்சைக் குழந்தை அடிக்கடி விழிப்பதும் சாயங்காலம் விடாமல் சப்புவதும் இயல்பு. சுரப்பைக் கூட்டுவதே அந்தச் சப்பல்தான். விளம்பரம் அதையே கோளாறாகக் காட்டி, அதற்கென்று ஒரு டப்பாவை முன்வைக்கிறது. 2025 மே மாதம் உலக சுகாதார மாமன்றம், இப்படி இணையத்தில் நடக்கும் பால்மாவு விற்பனை உத்திகளை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1981ல் நடந்தது போலவே இதையும் ஒவ்வொரு நாடும் தன் சட்டமாக்க வேண்டும். ஆப் கம்பெனிகளையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.