வெள்ளியங்கிரி யாத்திரையும் இதய நலமும்

கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகளைக் கடந்து வெள்ளியங்கிரி ஆண்டவரைத் தரிசிக்க, வனத்துறை வழக்கமாகப் பிப்ரவரி முதல் மே வரை பக்தர்களை அனுமதிக்கிறது. அந்த மாதங்களில் என்னிடம் சிகிச்சைக்கு வருவோர் பலரும் "டாக்டர், நான் மலை ஏறலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்காமலே மூங்கில் தடியோடு கிளம்பிவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

உயரத்தால் மூச்சு முட்டுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். 3,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் கேதார்நாத்துக்குப் போகிறவர்களுக்கு அந்த அச்சம் நியாயமானது. வெள்ளியங்கிரியோ ஏறத்தாழ அதில் பாதி உயரம்தான். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, உறங்காமல், விரத வயிற்றோடு இரவோடு இரவாக ஏறும்போது இதயம் படும் பாடுதான் இங்கே பெரிய ஆபத்து. முதல் மலையின் செங்குத்தான படிகளிலேயே நாடித்துடிப்பு எகிறிவிடும். வியர்த்து நனைந்த உடலோடு ஆறாம் மலையின் ஆண்டிச்சுனையில் மூழ்கினால், குளிர்ந்த நீர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் சட்டென உயரும். ஏற்கெனவே அடைப்புள்ள இதயம் அதைத் தாங்காமல் போகலாம்.

ஐம்பது வயதைக் கடந்த, நீரிழிவுள்ள ஒருவர், இரண்டாம் மலையில் தொடங்கிய நெஞ்செரிச்சலை வாயுத் தொல்லை என்று எண்ணி, சோடா குடித்துவிட்டு, பாதியில் திரும்பினால் தெய்வக் குற்றமாகிவிடும் என்று உச்சி வரை போய்த் திரும்பி, மறுநாள் என்னிடம் வந்தார். ஈசிஜியில் மாரடைப்பின் சுவடு தெளிவாகத் தெரிந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். திடீரெனக் கொட்டும் குளிர்ந்த வியர்வை, தாடையிலோ இடது கையிலோ வலி, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அங்கேயே உட்கார்ந்து, உடன் வந்தவர்களிடம் சொல்லி உதவி கேட்க வேண்டும். ஆளைச் சுமந்து இறக்குவதற்கே பல மணி நேரம் பிடிக்கும் பாதை அது. மேலே போகப் போக மருத்துவமனையும் எட்டிப் போகிறது. வந்த இடத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்புவதில் ஒரு குறையும் இல்லை என்று நான் மனதார நம்புகிறேன்.

விரதத்துக்காக மாத்திரையை நிறுத்தும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. இரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறும். மாறாக, இன்சுலினையோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையையோ வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டு பட்டினியாக ஏறினால், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். எதை எந்த அளவில் எடுப்பதென்று இரண்டு வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏற முடியாதவர்களுக்கு முதலில் இதயப் பரிசோதனை தேவை. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் அடிவாரக் கோயிலில் வழிபட்டுத் திரும்பட்டும்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கடினம். தடியை ஊன்றி, சிறு அடிகளாக இறங்க வேண்டும். உங்கள் நோய், மாத்திரைகளின் பெயர், வீட்டுத் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அது அங்கே இருப்பதை உடன் வருகிறவரிடமும் சொல்லி வையுங்கள்.