அடுப்பும் இடுப்பும்: வீட்டில் பீர் காய்ச்சக் கருவி வாங்கும் முன்

டாலஸ் பக்கத்தில் ஒரு சின்ன ப்ரூவரியில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். வேலை என்றால் பெரும்பாலும் கழுவுவது, தூக்குவது, வெப்பநிலை பார்ப்பது, மறுபடியும் கழுவுவது. இது தெரிந்த தமிழ் நண்பர்களில் யாருக்காவது சொந்தமாகப் பீர் காய்ச்சும் ஆசை வந்துவிட்டால் முதலில் என் வாட்ஸாப்புக்குத்தான் ஒரு படம் வரும். பளபளவென்று ஒரு எவர்சில்வர் பாத்திரம், அதில் ஒரு டிஜிட்டல் திரை, கீழே "அண்ணா, இது நல்லதா?" என்று ஒரு வரி.

நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விதான். உங்கள் வீட்டில் என்ன அடுப்பு? உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்பதில்லை. பாதிப் பேர் மூன்றாவது தடவையோடு பாத்திரத்தை கராஜ் மூலையில் கவிழ்த்து வைப்பதற்குக் காரணம் பீர் நன்றாக வராததல்ல, இந்த இரண்டில் ஒன்றுதான்.

டப்பாவில் வரும் மால்ட் பாகை (மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம்) தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுவது சுலப வழி. கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சிவிட்டு மீதியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், சமையலறை அடுப்பும் சாம்பார் அண்டாவும் போதும். ஆல்-கிரெயின் என்பது அப்படியல்ல. உடைத்த பார்லி மால்ட்டை 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, தானியத்தில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வரை சூட்டைப் பிடித்துவைத்து, அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து (வோர்ட் என்பது இதைத்தான்), ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆற்றி, ஈஸ்ட் போட வேண்டும். மொத்தத் தண்ணீரும் அடுப்பில் ஏறி இறங்கியாக வேண்டும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். இங்கே எல்லாச் செய்முறையும் 5 கேலன், அதாவது 19 லிட்டர் அளவுக்குத்தான் எழுதியிருக்கும். அதற்குச் சுமார் 5 கிலோ மால்ட். தானியத்தை வலைப்பையில் போட்டு ஊறவைத்து, பையைப் பிழிந்தெடுத்தாலும் அது மூன்று மூன்றரை லிட்டரைக் குடித்துவிடும், கொதிக்கும்போது ஆவியாக நாலு லிட்டர் போகும், அடியில் தங்கும் வண்டல் ஒன்றரை லிட்டர். ஆக ஆரம்பத்தில் 28 லிட்டர் தண்ணீர், அதோடு தானியமும் இடம் பிடிக்கும், 31 லிட்டருக்கு மேல் வந்துவிடும். 10 கேலன், அதாவது 38 லிட்டர் பாத்திரம் வாங்கச் சொல்வது இதனால்தான். பாத்திரத்தின் எடையையும் சேர்த்தால் 38 கிலோ பக்கம். சூடாக.

"30 லிட்டர் பாத்திரம் தள்ளுபடியில் கிடைக்கிறது, போதாதா?" என்று கேட்பவர்களுக்கு என் இடது கணுக்காலைக் காட்டுவேன். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பு, வீட்டு வாசலில் புரொபேன் அடுப்பு வைத்து, விளிம்பு வரை நிறைந்த 30 லிட்டர் பாத்திரத்தில் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வோர்ட் முதல் கொதி வரும்போது பால் பொங்குவதுபோலத்தான் பொங்கும், ஆனால் பாலைவிட வேகமாக, ஹாப்ஸைப் போட்ட நொடியில் இன்னும் ஒரு அலை எழும். அடுப்பை அணைக்கக் குனிந்தேன். வழிந்தது. காலில் ரப்பர் செருப்பு. வெறும் வெந்நீர் என்றால் ஓடிப் போய்விடும், இது நீர்த்த பாகு, காலிலும் செருப்பு வாரிலும் ஒட்டிக்கொண்டு அங்கேயே வெந்தது. மூடிய ஷூ, ஷூவுக்கு மேல் விழும் முழுக்கால் பேண்ட், நீளமான ரப்பர் கையுறை: இவை மூன்றும் கருவிப் பட்டியலில்தான் சேர்த்தி, பாத்திரத்துக்கு முன்னால்.

இடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் கல்யாணச் சமையல்காரர்களைப் பார்த்திருப்பீர்கள், அண்டாவை யாரும் தனியாகத் தூக்க மாட்டார்கள், இரண்டு பக்கமும் கம்பு கொடுத்து இரண்டு பேர், முன்னால் "விலகு விலகு" என்று கத்திக்கொண்டு ஒருவர். வீட்டில் பீர் காய்ச்சுபவர் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை தனியாக நிற்பவர். அதனால் பாத்திரம் வாங்கினால் அடியில் திறந்து மூடும் குழாய் (ball valve) உள்ளதாக வாங்குங்கள், அந்தக் கூடுதல் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள். கொதித்த பாத்திரம் இடத்தைவிட்டு நகரவே கூடாது. குழாய் வழியாகக் கீழே இருக்கும் டப்பாவுக்கு அது தானாக இறங்க வேண்டும். தானியப் பையும் அப்படித்தான், ஊறிய பையை வெளியே இழுக்கும்போது பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும், 67 டிகிரியில் சொட்டும், அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் போன் எடுத்தவரை எனக்குத் தெரியும். மேலே ஒரு கொக்கியும் கப்பியும் மாட்டினால் பையைத் தொங்கவிட்டுவிட்டு நிம்மதியாக நிற்கலாம். முதுகுவலி ஏற்கெனவே உண்டு என்றால் நேராகச் சொல்கிறேன், பாதி அளவு காய்ச்சுங்கள். 10 லிட்டருக்கு 20 லிட்டர் பாத்திரம் தாராளம். நல்ல கேஸ் அடுப்பு என்றால் வீட்டு அடுப்பிலேயே கொதித்துவிடும்.

இப்போது அடுப்பு. அமெரிக்காவில் இருப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

ஊறவைப்பது, வடிப்பது, கொதிக்கவைப்பது எல்லாம் ஒரே பாத்திரத்தில் நடக்கும் மின்சார மெஷின்கள் நிறைய வந்துவிட்டன. ஜெர்மனியின் பிராவ்மைஸ்டர், நியூசிலாந்தின் கிரெயின்ஃபாதர் எல்லாம் இந்த வகை. நல்ல கருவிகள். ஆனால் அந்த ஊர்களில் சாதாரண பிளக்கிலேயே 230 வோல்ட் வரும். இங்கே சமையலறை பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர் சர்க்யூட்டில் தொடர்ந்து இழுக்கக்கூடியது 1440 வாட்தான், 120 வோல்ட் மெஷின்கள் 1500 வாட் பக்கம் நிற்பது அதனால். 1500 வாட்டில் 28 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 67-க்குக் கொண்டுவர, ஒரு துளி சூடு வீணாகாவிட்டாலும் ஒரு மணி நேரம். பிறகு கொதிநிலைக்கு இன்னொரு நாற்பது நிமிடம். அதற்குப் பிறகும் அது கொதிக்காது, முனகும். மணிக்கு மூன்று லிட்டர் ஆவியாக வேண்டுமானால் அதற்கு மட்டுமே 1900 வாட் பக்கம் தேவை, இது விற்பவர் சொல்லாத கணக்கு.

"அப்படியானால் 240 வோல்ட் மெஷின் வாங்கி, துணி உலர்த்தும் டிரையருக்கான பிளக்கில் போட்டுவிடுகிறேன்" என்பார்கள். போடலாம், ஆனால் முதலில் அந்தப் பிளக்கில் எத்தனை துளை என்று எண்ணுங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை டிரையர் பிளக் இருக்கும், அதில் தனியாக எர்த் கிடையாது. ஈரக் கையோடு, ஈரத் தரையில், 30 லிட்டர் தண்ணீருக்குள் ஓடும் மின்சாரத்துக்கு அது வேண்டவே வேண்டாம். நான்கு துளை பிளக்கும், கசிவு வந்தால் நொடியில் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐயும் எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிட்டு, அப்புறம் மெஷினுக்கு ஆர்டர் கொடுங்கள். மெல்லிசான எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது. ஒருவர் வீட்டில் அந்த வயரைத் தொட்டுப் பார்த்தேன், இஸ்திரிப் பெட்டி மாதிரி இருந்தது.

புரொபேன் அடுப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது, கொதி அருமையாக வரும், விலையும் குறைவு. ஆனால் அது வெளியில் வைக்கும் அடுப்பு. கராஜ் கதவைத் திறந்துவைத்தால் வெளி ஆகிவிடாது. அடுப்பு எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது, தலை கனக்கும்போது நீங்கள் பீர் என்று நினைத்துக்கொள்வீர்கள். அபார்ட்மென்ட் பால்கனியில் இந்த அடுப்புக்குப் பெரும்பாலும் அனுமதியும் இருக்காது, ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்.

சரி, என்னதான் வாங்கச் சொல்கிறேன்? முதல் தடவை என்றால் ஒரு பாத்திரம், ஒரு துணிப்பை. ஆஸ்திரேலியர்கள் 2000-களின் நடுவில் பரப்பிய முறை இது. பாத்திரத்துக்குள் நைலான் வலைப்பையை விரித்து, அதற்குள் தானியத்தைக் கொட்டி, ஊறியதும் டீத்தூள் பையைப்போலத் தூக்கிவிடுவது. ஐஸ்பெட்டியில் (பிக்னிக்குக் கொண்டுபோகும் கூலர்) ஊறவைக்கும் பழைய முறையும் கெட்டதல்ல, சூட்டை நன்றாகப் பிடிக்கும், குளிர்ந்த தானியம் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் தண்ணீரை 73 டிகிரி வாக்கில் ஊற்றினால் 67-ல் வந்து நிற்கும். கோதுமையும் ஓட்ஸும் அதிகம் போட்டால்தான் கூழாகி வடியாமல் அடைத்துக்கொள்ளும். அதற்கு இங்கே கடையில் பாக்கெட் போட்டு விற்பது என்ன தெரியுமா? நெல் உமி. நம் ஊரில் மில் வாசலில் குவிந்து கிடப்பதை நான் டாலர் கொடுத்து வாங்குகிறேன்.

ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினிய அண்டா ஆகுமா என்றால், ஆகும், ஆனால் பெர்கார்பனேட் கலந்த சலவைத்தூள் வகையறாவைப் போட்டு ஊறவைத்துக் கழுவக்கூடாது, உலோகத்தை அரித்துவிடும். ஈயம் பூசிய பித்தளை அண்டா வேண்டாம். வோர்ட் லேசான அமிலம், பூசியவர் வெள்ளீயத்தில் எதைக் கலந்தார் என்பது அவருக்கே தெரியாது. துத்தநாகம் பூசிய இரும்பு வாளிக்கும் இதே பதில்.

உண்மையில் காசு போட வேண்டிய இடம் கொதித்து முடிந்த பிறகுதான் வருகிறது, அங்கே வரும்போது எல்லோர் கையும் காலி. தாமிரச் சுருள் ஒன்றைப் பாத்திரத்துக்குள் இறக்கிக் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு ஆற்றுவார்கள். டெக்சாஸில் ஆகஸ்ட் மாதம் குழாய்த் தண்ணீரே முப்பது டிகிரியைத் தொடும், அதை வைத்து 20 டிகிரிக்கு எப்படி ஆற்றுவது? நாற்பதுவரை குழாய்த் தண்ணீர், அதன் பிறகு ஒரு வாளி ஐஸும் ஒரு சின்ன பம்பும். தட்டு அடுக்கிய சில்லர் (ஆற்றும் கருவி) வேகமானதுதான், உள்ளே சிக்கிய ஹாப்ஸை வெளியே எடுக்க நாங்கள் படும் பாட்டைப் பார்த்தால் நீங்கள் வாங்க மாட்டீர்கள்.

நொதிக்கும்போது வெப்பநிலை முக்கியம் என்பதை இட்லி மாவு அரைத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. சென்னை மே மாதத்து மாவும் டிசம்பர் மாவும் ஒன்றா? ஏல் என்ற பீர் வகைக்கான பெரும்பாலான ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும், நொதிக்கும் வேகத்தில் அறையைவிட மூன்று நாலு டிகிரி தானாகவே ஏறும். சூடு மீறினால் நெயில் பாலிஷ் வாடை, மறுநாள் தலைவலி. பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றும், அதை அணைத்து ஏற்றும் கன்ட்ரோலர் ஒன்றும் வாங்கிவிட்டு, மிச்சக் காசில் பாத்திரம் வாங்கியவர்கள் நல்ல பீர் குடிக்கிறார்கள். தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள், இரண்டு டிகிரி பொய் சொல்லும் தெர்மாமீட்டர்கள் சாதாரணம்.

நொதிக்கவைக்கக் கண்ணாடி கார்பாய் (பெரிய குடுவை) வேண்டாம். பார்க்க அழகு. நிறைந்தால் முப்பது கிலோ, சோப்பு நுரையில் வழுக்கும், உடைந்தால் கத்தி மாதிரிச் சில்லுகள், கை நரம்பு போய்விடும். எங்கள் ப்ரூவரி நண்பர் ஒருவர் வீட்டில் உடைத்துக்கொண்டு இரண்டு மாதம் வேலைக்கு வரவில்லை. உணவுக்குரிய பிளாஸ்டிக் வாளி போதும், உள்ளே கீறாமல் துடைத்தால் வருடக்கணக்கில் வரும். பாட்டிலில் அடைப்பதற்கு முன், சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹைட்ரோமீட்டரில் இரண்டு மூன்று நாள் ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். நொதித்து முடியாததை அடைத்தால் பாட்டில் வெடிக்கும்.

ஊரில் சொன்னால் அம்மாவிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றே: "கண்ணு கிண்ணு போயிடாதே?" 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் செத்ததைப் பார்த்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அங்கே கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். பார்லி நொதிப்பதில் ஆபத்தான அளவுக்கு மெத்தனால் வராது. ஆனால் சில மெஷின்களுக்கு மேலே மாட்டிச் சாராயம் வடிக்கும் மூடியும் தனியாக விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட அமெரிக்கச் சட்டம் வீட்டில் பீர் காய்ச்சத்தான் அனுமதிக்கிறது, சாராயம் வடிக்க அல்ல, வயதுவந்த இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு வருடம் 200 கேலன், விற்கக்கூடாது. உரிமம் இல்லாமல் வடிப்பது மத்திய அரசுக் குற்றம். அப்புறம், "ஒரு செட் கோயம்புத்தூருக்கு அனுப்ப முடியுமா" என்று கேட்கும் மச்சான்களுக்கு: தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவதே 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அங்கே இதற்குப் பெயர் ஊறல்.

எதை வாங்கினாலும் முதல் நாள் மால்ட் வேண்டாம், வெறும் தண்ணீரை 28 லிட்டர் ஊற்றிக் காய்ச்சிப் பாருங்கள். கொதிக்க எவ்வளவு நேரம், ஒரு மணியில் எவ்வளவு குறைகிறது, பிரேக்கர் தாங்குகிறதா, வால்வு கசிகிறதா எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். எனக்கு முதல் ஓட்டத்தில் வால்வு வாஷரைத் திருப்பி மாட்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. தரையெல்லாம் தண்ணீர். துடைத்துவிட்டு, வாஷரைத் திருப்பிப் போட்டு மறுபடி நிரப்பினேன்.