குப்பை தெரிந்தது, ஓட்டுநர் தெரியவில்லை

1975 தொடக்கத்தில் கிளாஸ்கோ நகரின் குப்பை லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தெருத் தெருவாகக் குப்பை குவிந்தது. கடைசியில் ராணுவம் வந்து அள்ளியது. பிரிட்டனின் தேசியத் தொலைக்காட்சிச் செய்திகளில் குப்பைதான் பெரிதாகத் தெரிந்தது: எலி பெருகும், நோய் பரவும் என்ற அச்சம். கனரக வாகன உரிமம் உள்ள மற்ற ஓட்டுநர்களுக்கு இணையான சம்பளம் கேட்டுத்தான் அவர்கள் வண்டியை நிறுத்தினார்கள் என்பது பின்னுக்குப் போய்விட்டது.

கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் அந்தச் செய்திகளைப் பதிவு செய்து உட்கார்ந்து எண்ணினார்கள். மொத்தம் 21 பேட்டிகள். வேலைநிறுத்தம் செய்த ஓட்டுநர் ஒருவர்கூட அவற்றில் இல்லை.

யாராவது உத்தரவு போட்டார்களா? ஒவ்வொரு காலத்திலும் ஆளும் வர்க்கத்தின் கருத்துகளே ஆளும் கருத்துகள் என்று மார்க்சும் எங்கெல்சும் 1840களில் எழுதினார்கள். இதை வைத்து, முதலாளி சொல்கிறார், பத்திரிகை எழுதுகிறது என்று விளக்குவது சுலபம். ஆனால் பிபிசிக்கு முதலாளி கிடையாது. மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடப்பது அது. அங்கேதான் இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சி எனக்கு அதிகம் உதவுகிறார். ஆளும் தரப்பின் பார்வையே எல்லோருக்கும் பொதுப்புத்தியாகப் படிந்துவிடுகிறது என்றார் அவர். உத்தரவுக்கே அவசியமில்லை.

செய்தி அறையில் இது எப்படி நடக்கிறது? மாலைக்குள் செய்தி தயாராக வேண்டும். நிர்வாகத்திடம் அலுவலகம் இருக்கிறது, அறிக்கை இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது. மேலாளர் மேசைக்குப் பின்னால் அமர்ந்து நிதானமாகப் பேசுவார். தொழிலாளி ஆலை வாசலில், இரைச்சலுக்கு நடுவே கத்த வேண்டும். அப்புறம் வினைச்சொற்கள்: நிர்வாகம் ‘தர முன்வருகிறது’, தொழிற்சங்கம் ‘கோருகிறது’. ஒரே பேச்சுவார்த்தைதான், ஒருவர் கொடுப்பவர், மற்றவர் பிடுங்குபவர் ஆகிவிடுகிறார். பார்ப்பவரும் கூலிக்கு உழைப்பவர்தான், ஆனால் அவர் கோபம் ஓட்டுநர் மேல் திரும்புகிறது.

1984 ஜூன் 18, வடக்கு இங்கிலாந்தின் ஆர்கிரீவ். சுரங்கத் தொழிலாளர் போராட்டம். அன்றிரவு பிபிசி செய்தியில் முதலில் கல் பறந்தது, பிறகு குதிரைப் போலீஸ் பாய்ந்தது. அவசரத்தில் வரிசை மாறிவிட்டது என்று பிபிசி பின்னாளில் ஒப்புக்கொண்டது. அவசரம் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அப்படி மாறி நின்ற வரிசை யார் கண்ணையும் உறுத்தவில்லையே, அதுதான் என்னை வருத்துகிறது.

அன்றைய சம்பவத்துக்காகப் போராட்டக்காரர்கள் 95 பேர் மீது வழக்குப் போட்டார்கள். 1985இல் வழக்கு நிற்காமல் சரிந்தது. 1991இல் அவர்களில் 39 பேருக்கு போலீஸ் 4,25,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது.